அமானிதமான பதிவு

பிள்ளைப்பேற்றுக்காகவோ, நோயுற்ற பெற்றோரைப் பேணவோ செவிலியர் பணியைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கும் சகோதரிகள் உண்டு. வேலை நின்றாலும் பதிவு நின்றுவிடக் கூடாதே என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையோடு ஒரு சோதனையும் வருகிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே 2016 ஏப்ரல் முதல், 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் செவிலியர், 450 மணி நேரம் பணி செய்ததையும் 35 மணி நேரம் கற்றதையும் காட்ட வேண்டும். ஊதியமின்றிச் செய்யும் செவிலியர் தொண்டும் கணக்கில் சேரும். இயலாதவர் பதிவை இழந்தாலும், பின்னர் மீள்பயிற்சியோ தேர்வோ முடித்துத் திரும்பலாம்.

'நமக்குத் தெரிந்த வேலைதானே! செய்யாத மணிகளை எழுதிக் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்?' என்று மனம் கேட்கும். நஷ்டம் நோயாளிக்கு. மருந்துகளும் முறைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஊசிக்குக் கை நீட்டுபவர் செவிலியரைச் சோதித்துப் பார்ப்பதில்லை; பதிவேட்டை நம்புகிறார். ஆகவே அப்பதிவு நம் சொத்தன்று, அமானிதம். பொய்க் கணக்கு எழுதுவதைவிட, பதிவை விட்டு மீண்டும் பயின்று வருவதே மேல்.

ஆனால் பொறுப்பு அவள் ஒருத்திக்கே உரியதா? அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பேணச் செய்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். நோயாளியைப் பேணும் கை சமுதாயத்துக்கே தேவை.

450 மணியைப் பகிர்ந்தால் மாதத்துக்கு 12½ மணிதான். அவ்வளவு நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கணவரால் முடியாதா? அதைக் கொடுக்காமல் அவளிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்ப்பது நீதியாகுமா? சிந்திப்போமாக!