வெடி தீர்ந்த பின்

வேட்டையாடிய பிராணியை உண்பது மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்போர் பலர். ஆகும், ஸூரத்துல் மாயிதாவிலேயே அதற்கு அனுமதி உண்டு. ஆனால் சுட்ட பிறகு சுட்டவருக்குள்ள கடமை யாது என்று கேட்போர் சிலரே. எனக்கு அதுவே பெரிய கேள்வியாகப் படுகிறது.

தீபகற்ப மலேசியாவில் 2009ஆம் ஆண்டு தடை வரும்வரை, லைசென்சு பெற்று ரூசா மான் வேட்டையாடி வந்தனர். நன்கு வளர்ந்த ஆண் மான் 200 கிலோவைத் தாண்டுவதுண்டு. அத்தகைய மிருகம் குண்டு பட்டதும் நின்ற இடத்திலேயே விழும் என்று சொல்வதற்கில்லை. இரத்தம் சொட்டச் சொட்டப் புதருக்குள் ஓடிவிடும். அந்தி நேரம், அட்டைக்கடி வேறு. "போனது போகட்டும், இன்னொன்று கிடைக்காமலா போகும்" என்று திரும்பிவிடுகிறவரும் உண்டு.

பிஸ்மி சொல்லித்தானே சுட்டேன் என்று அவர் சமாதானம் கூறலாம். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஓர் உயிரின்மேல் கை வைத்தவர், அதைப் பாதி வழியில் துடிக்க விட்டு வருவது எப்படித் தகும்? தேடிப் பிடித்து, உயிரிருந்தால் கூரிய கத்தியால் உடனே அறுப்பது அவர் பொறுப்பு. ரவையால் மாண்ட பிராணியைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், விரைந்து சென்று அறுப்பதே பேணுதலும் ஆகும். கொம்பைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதில் காட்டும் அவசரத்தை இதில் காட்டினால் போதும்!

தேடியும் மறுநாள்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் இதையே நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். தம் அம்பின் காயம் மட்டுமே இருந்தால் உண்ணலாம், தண்ணீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது என்பது கிடைத்த விடை. கொன்றது அம்பா, தண்ணீரா என்று தெரியாதல்லவா? ரவையை அம்பின் இடத்தில் வைத்துப் பேசுவோருக்கும் இதே சட்டந்தான்.

இங்கே சிலர் மனம் ஒப்புவதில்லை. அத்தனை இறைச்சியை ஆற்றோரம் விட்டு வருவது வீண் விரயமன்றோ என்கிறார்கள். விரயந்தான். ஆனால் தூரத்தையும் வெளிச்சத்தையும் பாராமல் விசையை இழுத்தபோதே அது நேர்ந்துவிட்டது. தான் கொன்றது என்று நிச்சயமில்லாததைத் தன் வேட்டையென்று சொல்லிப் பங்கு வைக்காதே என்றுதான் மார்க்கம் தடுக்கிறது. பங்கு வாங்கும் அண்டை வீட்டார் எதுவும் கேட்கமாட்டார்கள். சுட்டவரை நம்பிச் சட்டியில் ஏற்றுவார்கள். மான் கிடந்த இடத்தை அறிந்தவர் அவர் ஒருவரே. அவர் வாய் திறவாவிட்டால் அந்த ஊரில் வேறு எவருக்கும் அது தெரிய வழியில்லை.