மகிழ மரத்தடியில் ஒரு சத்தியம்



சென்ற செப்டம்பரில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு என் பெரியம்மா மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டார். அங்கே காலை பத்து மணி. டி.ஓ. மருத்துவப் படிப்பில் அக்காவுக்கு இது கடைசி வருஷம்.

"தம்பி, நீதான் கோயில் வகுப்புல பேசுறவனாச்சே. ஒரு மார்க்கைச் சொல்லாம விட்டா அது பொய்யாடா?"

விஷயம் இதுதான். அமெரிக்காவில் மருத்துவ மாணவர்கள் கடைசி வருஷத்திலேயே ரெசிடென்சி என்ற பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். டி.ஓ. மாணவர்களுக்குக் கட்டாயமான தேர்வு கோம்லெக்ஸ். எம்.டி. மாணவர்கள் எழுதும் யூ.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் இவர்கள் விரும்பினால் எழுதலாம். 2022 ஜனவரியிலிருந்து அந்தத் தேர்வின் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். அதனால் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணை எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள்.

அக்காவுக்குக் கோம்லெக்ஸில் நல்ல மார்க். யூ.எஸ்.எம்.எல்.இ. இரண்டாம் கட்டத்தில் பாஸ்தான், ஆனால் மட்டமான மார்க். அதை மருத்துவமனைகளுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது டி.ஓ. மாணவரின் விருப்பம். அனுப்பினால் எழுதியது எல்லாமே சேர்ந்துதான் போகும். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்ப முடியாது.

நான் யோசிக்கவே இல்லை. உடனே சத்தியகாமன் கதையை எடுத்துவிட்டேன். சாந்தோக்கிய உபநிடதத்தில் வருகிற கதை. கௌதமரிடம் மாணவனாகச் சேரப் போகிறான் ஒரு பையன். "உன் கோத்திரம் என்ன?" என்று குரு கேட்கிறார். அன்றைய அட்மிஷன் ஃபாரத்தில் அதுதான் கேள்வி! அவனுக்குத் தெரியாது. அவன் தாய் ஜபாலைக்கும் தெரியாது. பல இடங்களில் வேலை செய்து பிழைத்த காலத்தில் பெற்ற பிள்ளை என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே குருவிடம் சொன்னான். உண்மையை விட்டு விலகாதவன் என்று சொல்லிக் குரு அவனைச் சேர்த்துக்கொண்டார்.

"அதனால எல்லா இடத்துக்கும் அனுப்பிடுங்கக்கா" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சத்தியகாமனைக் குரு கேட்டாருடா, அவன் சொன்னான். என்னை இன்னும் யாரும் கேட்கவே இல்லையே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தபோது பெரியபுராணத்தில் சுந்தரர் திருவொற்றியூரில் செய்தது ஞாபகம் வந்தது.

சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரைப் பிரியமாட்டேன் என்று இறைவன் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் திருவாரூரை விட்டு அவரால் இருக்க முடியாது. என்ன செய்தார்? "நான் சத்தியம் செய்யும்போது நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று சிவபெருமானிடமே கேட்டார். சாமி இல்லாத சந்நிதியில் செய்யும் சத்தியம் கட்டுப்படுத்தாது என்று கணக்கு. சிவபெருமானும் சரி என்றார். பிறகு சங்கிலியாரிடம் போய், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்! வேறு வழியில்லாமல் சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார். பின்னாளில் திருவாரூரை நினைத்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் இன்னொன்றும் திரும்பக் கிடைத்தன.

கவனியுங்கள். சுந்தரர் போட்ட திட்டத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் சங்கிலியார் ஒன்றை நம்ப வேண்டும், உண்மை வேறாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவருக்கே, அந்த இடத்தில் சிவபெருமான் துணை நிற்கவில்லை. ஏமாறப் போகிறவர் பக்கம் நின்றார்.

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டுவது வாய்மை இல்லை. திருவள்ளுவரும் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போது, பிறருக்குத் தீங்கு வராத சொல்லையே வாய்மை என்கிறார். கோம்லெக்ஸ் மட்டும் போதும் என்று சொல்கிற மருத்துவமனைக்கு, இன்னொரு மார்க் இருக்கலாம் என்பது தெரியும். அங்கே பேசாமல் இருப்பது யாரையும் ஏமாற்றுவதாகாது. யூ.எஸ்.எம்.எல்.இ. வேண்டும் என்று கேட்கிற இடத்தில், நான் எழுதவில்லை என்பதுபோல் நடந்துகொள்வதுதான் மகிழ மரத்து வேலை. அவர்கள் நம்பித் தங்கள் நோயாளிகளை அக்கா கையில் கொடுக்கப் போகிறார்கள்.

அக்கா பட்டியலை இரண்டாகப் பிரித்தார். கேட்கிற இடங்களுக்கு மார்க்கை அனுப்பினார், வாய்ப்பு குறையும் என்று தெரிந்தே. மற்ற இடங்களுக்கு அனுப்பவில்லை. கேட்டால் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று முடிவு. அப்படி ஓர் இடத்தில் நேர்முகத்தில் கேட்டே விட்டார்களாம். "சொல்லிட்டேன் தம்பி" என்றார். முடிவு மார்ச் மாதம்தான் தெரியும்.

பிறகு அக்கா என்னைக் கேட்டார்: "நீ அந்த ரிப்பீட் பேப்பரைச் சித்தப்பாகிட்ட சொல்லிட்டியா?"

போன செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது. அப்பா, "எல்லாம் பாஸா?" என்று கேட்டபோது, "சி.ஜி.பி.ஏ. மூணுக்கு மேலதான்பா" என்றேன். அது பொய் இல்லை. அப்பாவும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் எதை நம்பினார் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அன்று இரவே போய்ச் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "எந்தப் பாடம்?" "தெர்மோடைனமிக்ஸ்பா." "மறுபடி எப்போ?" "அடுத்த செமஸ்டர்." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "சாப்பிட்டியா?" என்றார்.

நண்பர்களே, இன்டர்ன்ஷிப்புக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் ஃபாரம் நிரப்பும் காலம் இது. ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். எதிரில் இருப்பவர் இப்போது எதை நம்பிக்கொண்டிருக்கிறார்? அது தவறு என்று நமக்குத் தெரிந்தால், போய்ச் சொல்லிவிடுவோம்.

திருச்சிற்றம்பலம்.