ஒன்பது ரூபாயும் செங்கோலும்

கேரள எல்லைப்புறத்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் திருப்புறம் போன்ற ஊர்களில், சர்க்கார் உத்தியோகஸ்தர் இருக்கும் வீடுகளில் மூன்று சொற்கள் அடிக்கடி காதில் விழும்: ட்ரஷரி, ஆடிட், ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) ஆபீஸ். முதல் சொல்லைச் சொல்லும்போது முகம் மலரும். மற்ற இரண்டைச் சொல்லும்போது குரல் தாழும். சர்வீஸ் புக்கில் என்றோ எழுதிய ஓர் இன்கிரிமென்ட் தவறு என்று ஆடிட் குறிப்பு வரும், சம்பளம் கீழிறங்கும், இத்தனை வருஷம் அதிகமாக வாங்கியதைக் கட்டு என்று பின்னாலேயே நோட்டீஸும் வரும்.

இதில் அறம் யார் பக்கம் என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. ஊழியர் பக்கம்தான். பொய்ச் சான்று கொடுத்து வாங்கியவர் கதை வேறு. கணக்குப் போட்டதும் அரசு, கையெழுத்திட்டதும் அரசு, பணத்தைக் கொடுத்ததும் அரசு என்றால், பிழைக்கான தண்டனை மட்டும் வாங்கியவருக்கு எப்படிப் போகும்?

கேரளத்து ஆசிரியர் ஒருவரின் வழக்கு மனதை அரிக்கிறது. அவர் 1999-இல் ஓய்வு பெற்றார். கேரள சர்வீஸ் விதிகளை அதிகாரிகள் தவறாகப் பொருள் கொண்டதால் அவருக்குச் சம்பளம் கூடுதலாகப் போய்விட்டதாம்; அதைத் திருப்பித் தரச் சொன்னார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடமும் தோற்றார், 2009-இல் டிவிஷன் பெஞ்சிலும் தோற்றார். அவர் எதையும் மறைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த வசூலை ரத்து செய்த நாள் 2022 மே 2. சாக்குக்கட்டியைக் கீழே வைத்து இருபத்துமூன்று வருஷம் கழித்துக் கிடைத்த நீதி.

இன்னொரு வழக்கில் தொகை மிகச் சிறிது. 1970 டிசம்பரில் கார்டாகப் பதவி உயர்வு பெற்ற ரயில்வே ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 190 ரூபாய். இருபது வருஷம் கழித்து, 1991 ஜூலையில், அது 181 ரூபாய்தான் என்று 1970-இலிருந்தே குறைத்து உத்தரவு போட்டார்கள். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1994-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததற்கு அந்தக் கேளாமையே காரணம். விசாரிக்காமல் தீர்ப்பளித்த பாண்டியனுக்கு என்ன நேர்ந்தது என்று சொன்னவர் சேரநாட்டு இளங்கோவடிகள். அந்தச் சேர மண்ணின் அலுவலகங்களுக்கு அதை வேறொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அளவறியாமல் வசூலிப்பதைப் பற்றிப் பிசிராந்தையாரும் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொல்லியிருக்கிறார். அறுத்து அளவாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும் நெல், யானையே வயலில் இறங்கினால் வாய்க்குப் போவதைவிடக் காலில் அழிவதே அதிகம். கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் இன்னும் கடுமை: கோலோடு நின்று கேட்பவனை, வேலோடு வழிமறிப்பவனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பென்ஷனை நம்பி மருந்துக் கடைக்குப் போகும் கிழவருக்கு நோட்டீஸ் அனுப்புவது இதில் எதைச் சேர்ந்தது?

பொதுப்பணம் என்ற நியாயமும் உண்டு. அது கொடுத்த அதிகாரியின் சொத்தும் அல்ல, வாங்கியவரின் சொத்தும் அல்ல, வரி கட்டியவரின் பணம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சரிதான். விசாரித்துவிட்டு, இனி வரும் மாதங்களுக்குத் திருத்திக்கொள்ளட்டும். உண்டு செரித்த சோற்றுக்கு விலை கேட்பது திருத்தமாகாது. 2014 டிசம்பரில் வந்த பஞ்சாப் வழக்கின் தீர்ப்பும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போட்டது: கீழ்நிலை ஊழியர், ஓய்வு பெற்றவர், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர், ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாகப் பெற்றுவந்தவர் ஆகியோரிடம் வசூல் கூடாது.

இந்த எல்லைப்புறத்துக்கு இந்தக் கரிசனம் புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நேற்றுவரை ஒரே சர்க்காரிடம் சம்பளம் வாங்கியவர்கள் இரண்டு சர்க்காரின் ஆட்களானார்கள். மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவர்களுக்கு ஒரு வேலி போட்டது: மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அவர்களுடைய பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றக் கூடாது. எல்லைக் கோடு நகர்ந்தாலும் சம்பளம் நகரக் கூடாது என்று நினைத்த காலம் அது.

2014 தீர்ப்பு போட்ட வேலியிலோ இப்போது ஓர் ஓட்டை. புதிய சம்பளத்தை வாங்கும்போது உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் வசூலிக்கலாம் என்று 2016-இல் ஒரு தீர்ப்பு வந்தது. அங்கே எழுதிக் கொடுத்தவர் ஒரு நீதித்துறை அதிகாரி. படித்துப் பார்த்தே கையெழுத்திட்டிருப்பார். எல்லா ஆபீஸிலும் அப்படி நடக்கிறதா? மணி நாலரை. பில் இன்றைக்கே ட்ரஷரிக்குப் போகணும் என்று செக்‌ஷன் கிளார்க் தாள்களை நீட்டுகிறார். கூடுதல் என்று பின்னால் தெரிந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லும் வரிக்கு நேர் கீழே, பென்சிலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பியூன் எழுத்துக் கூட்டத் தொடங்குவதற்குள், அந்தக் குறிமேல் கையெழுத்து விழுந்துவிடுகிறது.