இறந்தவரின் படத்துக்கு யார் சொந்தக்காரர்?

டான் கில்ரோய் இயக்கி 2019 பெப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘வெல்வெட் பஸ்ஸோ’ நல்ல படமல்ல. பாத்திரங்கள் கேலிச்சித்திரங்களாக நடமாடுகிறார்கள். அடுத்துச் சாகப்போவது யார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் பாதியில் எழுந்துபோக மனம் வராது. லொஸ் ஏஞ்சலிஸ் ஓவியச் சந்தைதான் களம். தனித்து வாழ்ந்த கிழவர் ஒருவர் இறக்கிறார். தன் ஓவியங்களை அழித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே கட்டடத்தில் குடியிருக்கும் பெண் அவற்றை அள்ளிக்கொண்டு போகிறாள், காட்சிக்கூடக்காரி விலை வைக்கிறாள், விமர்சகர் புகழ்கிறார். பிறகு ஓவியங்கள் பழிவாங்கத் தொடங்குகின்றன. காட்சிக்கூடத்தில் இரத்தம் வடிந்து செத்துக் கிடக்கும் ஒருத்தியை, அதுவும் கலைப்படைப்பின் பகுதி என்றெண்ணிப் பார்வையாளர்கள் சுற்றிவருகிறார்கள். அந்த ஒரு காட்சிக்காக மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வன்னியில் இருந்து பார்ப்பவருக்கு அது வெறும் நையாண்டி அல்ல. இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்தின் பின் முள்ளிவாய்க்கால் படங்கள் எத்தனை கை மாறின! வென்ற பெருமிதத்தில் சிப்பாய்கள் கைபேசியில் பிடித்தவை, 2011இல் சனல் 4 தொலைக்காட்சியின் ஆவணப்படத்தில் குற்றத்தின் சாட்சியமாயின. அதே சடலங்கள் மேடைப் பதாகைகளுக்கும் யூடியூப் முகப்புகளுக்கும் வந்து சேர்ந்தன. படம் ஒன்றுதான், எடுத்தவர், காட்டியவர், ஒட்டியவர் மூவரின் நோக்கமும் வேறு. செத்தவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டுமா? இசைப்பிரியாவின் விடயத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர் அவர். சண்டையில் இறந்தார் என்றது இலங்கை அரசுத் தரப்பு. 2013 நவம்பரில் சனல் 4 வெளியிட்ட காட்சி, அவர் உயிரோடு பிடிபட்டதைக் காட்டியது. அதை வெளியிட்டது சரியே. கொலையுண்டவரின் வழக்கைப் பேச வேறு வாய் இல்லாதபோது அனுமதிக்காகக் காத்திருப்பது கொன்றவருக்குத்தான் உதவும்.

பிறகு தமிழ்நாட்டில் ‘போர்க்களத்தில் ஒரு பூ’ என்று அவர் கதையைப் படமாக்கினார்கள். 2015இல் இந்தியத் தணிக்கைச் சபை சான்றிதழ் தர மறுத்தது. இசைப்பிரியாவின் தாயும் சகோதரியும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபித்தார்கள். இந்த இரண்டு எதிர்ப்பையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. அரசுகளின் உறவு கெடும் என்று ஒரு சபை அஞ்சுவது அரசியல். தன் பிள்ளையின் கடைசி மணித்தியாலங்களை ஒரு நடிகை நடித்துக் காட்ட வேண்டாம் என்று தாய் சொல்வது வேறு.

எதிர்வாதம் வலுவானது. குடும்பங்களிடம் தடைசெய்யும் உரிமையைக் கொடுத்தால் ஒரு சமூகத்தின் வரலாறே எழுதப்படாமல் போகலாம்; பொதுவாழ்வில் நின்றவர் தாய்க்கு மட்டும் சொந்தமானவரும் அல்ல. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சாட்சியத்தையோ வரலாற்றையோ தடுக்கத் தாய்க்கும் உரிமை இல்லை. ஆனால் வதையை மறுபடி அரங்கேற்றும் படம் புதிதாக எந்த உண்மையையும் கொண்டுவருவதில்லை. அது தருவது பதற்றம்; அதற்குத்தான் நுழைவுச்சீட்டு. அங்கே தாயின் சொல்லுக்கு இயக்குநரின் நல்லெண்ணத்தைவிட எடை அதிகம். படம் விறுவிறுப்பாக அமைந்துவிட்டால் குற்றம் இன்னும் கூடுகிறது என்றுகூடச் சொல்லலாம். போர் முடிந்த பிறகு, கிளிநொச்சியில் போரில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைச் சுற்றுலாக் காட்சியாக்கி, பக்கத்தில் நினைவுப்பொருள் கடை போட்டவர்களும் பார்க்க வருகிறவர்களின் ஆர்வத்தைத்தான் நம்பினார்கள்.

தாய்மார் எப்போதும் மறைக்கத்தான் விரும்புவார்கள் என்பதும் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில், காணாமலாக்கப்பட்டோரின் படங்களைத் தாய்மாரே ஏந்தியிருந்தார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. எந்தப் படம், எப்போது, யாருக்கு என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

சிக்கல் இனித்தான். அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். இன்னும் இருபது ஆண்டுகளில் ஓர் இளம் இயக்குநர் யாரிடம் போய்க் கேட்பார்? திரைப்படத்துக் கிழவராவது தன் விருப்பத்தை விட்டுச்சென்றார். வன்னியில் படங்களையும் வாக்குமூலங்களையும் சேர்ப்பவர்கள் பெயர், ஊர், திகதி எழுதும் தாளில் இன்னொரு வரியையும் சேர்க்கலாம்: இதை யார், எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே உரியவர் சொன்னது.