தன் சக்கரம் தனக்குத் தெரியாது



நான் பொறியியல் படிக்கிறவன். சமயம் பேசும் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. படிப்பில் தெரிந்துகொண்ட ஒரு விமானச் சம்பவத்தைச் சொல்கிறேன். சமயம் அதற்குள்ளேயே இருக்கு.

2005 செப்டம்பர் 21. அமெரிக்காவின் பர்பேங்கிலிருந்து நியூயார்க்குக்கு ஜெட்புளூ 292 கிளம்பியது. ஏர்பஸ் ஏ320 ரகம். 140 பயணிகள், 6 பணியாளர்கள். மேலே ஏறியதும் சக்கரங்கள் உள்ளே மடங்கவில்லை. எச்சரிக்கை வந்தது. ஆனால் மூக்குச் சக்கரம் எந்த நிலையில் இருக்குன்னு விமானியால் பார்க்க முடியாது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேதான் அது இருக்கிறது!

அவர் கௌரவம் பார்க்கவில்லை. லாங் பீச் விமான நிலையக் கோபுரத்தின் பக்கமாகத் தாழப் பறந்து, பார்த்துச் சொல்லும்படி கேட்டார். சக்கரம் 90 பாகை திரும்பிக் குறுக்கே நிற்பதை அவர்கள் சொன்னார்கள். அதன்பின் 2 மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்து எரிபொருளைக் குறைத்து, லாஸ் ஏஞ்சலஸில் இறக்கினார்கள். டயர் கிழிந்து தீப்பொறி பறந்தது. ஆனால் ஒருவருக்கும் காயம் இல்லை.

விசாரணையில் என்ன தெரிந்தது? சக்கரம் திரும்பாமல் பிடித்து வைக்கும் இரண்டு உலோகக் காதுகள் முறிந்திருந்தன. ஒரே அடியில் முறியவில்லை. தரையிறங்கும் முன் தானாக நடக்கும் ஒரு சோதனை, ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கொடுத்து, உலோகத்தைச் சோர்வடைய வைத்திருந்தது. திரும்பிய சக்கரத்தை நேராக்க விடாமல் கணினியின் அமைப்பும் தடுத்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. போன செமஸ்டர் நான் ஒரு பாடத்தில் ஃபெயில். முதலில் ஒரு வகுப்புக்கு மட்டம், அப்புறம் இன்னொன்று. அம்மா கேட்டால், "எல்லாம் ஓகேம்மா." மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். கடைசியில் கோயில் திருமுறை வகுப்பு அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எப்போதிலிருந்துடா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் என் விரிசல் எங்கே ஆரம்பித்ததுன்னு எனக்கே தெரிந்தது. அன்றிரவே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதார், ஆனால் கைவிடவில்லை.

உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் ஆணவத்தை இருளோடு ஒப்பிடுகிறார். இருள் மற்றப் பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும். ஆணவமோ தன்னையும் காட்டாது. அதனால்தான், "எனக்கு ஒன்னும் இல்லை" என்று நாம் உறுதியாக நம்புகிறோம். குருவும் அடியார் கூட்டமும் நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அவர்கள்தான் நம் கோபுரம்.

இந்த வாரம் கோயிலுக்குப் போகும்போது, நம்பிக்கையான ஒருவரிடம் கொஞ்சம் தாழப் பறந்து கேளுங்கள்: "என் சக்கரம் நேராக இருக்கா?" வரும் பதில் வலிக்கலாம். ஆனால் தரையில் பத்திரமாக இறங்கலாம்.

திருச்சிற்றம்பலம்.