கருத்தும் சாட்சியமும்

1970-களின் இறுதியில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில், பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் பொதுமக்களிடம் ஒரு வினாவை எழுப்பினர். 1975-ஆம் ஆண்டின் ‘பொது விவகாரச் சட்டம்’ நீக்கப்பட வேண்டுமா, கூடாதா என்பது வினா. ஏறத்தாழ மூன்றில் ஒருவர், நீக்கவேண்டும் என்றோ நீக்கக்கூடாது என்றோ தம் கருத்தை உறுதிபடக் கூறினர். அப்படியொரு சட்டம் அந்நாட்டில் என்றுமே இயற்றப்பட்டதில்லை! ஆய்வாளர்கள் அதனைக் கற்பனையாகப் புனைந்திருந்தார்கள். பின்னர் 1995-இல் அந்நாட்டு நாளேடு ஒன்று அதே வினாவை மீண்டும் கேட்டது. இம்முறை சிலரிடம், அதிபர் கிளிண்டன் அச்சட்டத்தை நீக்க விரும்புகிறார் என்றும், வேறு சிலரிடம், குடியரசுக் கட்சியினர் நீக்க விரும்புகிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. இல்லாத சட்டத்தின்மீது மக்கள் தத்தம் கட்சிப்படியே பிரிந்து நின்றனர்.

இதனைப் படித்து நகைப்பது எளிது. நமக்கோ இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் நினைவு வந்தது. அவர்களிடம் நாற்பத்தெட்டு வினாக்கள் கேட்கப்பட்டன என்றும், அவற்றுள் முப்பத்திரண்டுக்கு ‘அறியேன்’ என்றே விடையிறுத்தார்கள் என்றும் அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். மதீனா மாநகரின் பேரறிஞர் சொல்லக் கூசாத அச்சொல்லைச் சொல்ல, தேநீர்க் கடையில் அமர்ந்து உலக நடப்பு பேசும் நம்மவர்க்கு மட்டும் ஏன் நா எழுவதில்லை? அரசியலா, ஆட்டமா, அணைக்கட்டா, அயல்நாட்டுப் போரா, எதைக் கேட்டாலும் நம்மிடம் ஒரு தீர்ப்பு ஆயத்தமாக இருக்கிறது.

ஆயினும், இல்லாத சட்டத்தைப் பற்றிய கருத்தினால் எவர்க்கும் இழப்பில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். வரியைக் கூட்டலாமா, சாலைக்கு முன்னுரிமையா பள்ளிக்கூடத்துக்கா என்றெல்லாம் குடிமக்கள் அரைகுறை அறிவோடு பேசினாலும் அது ஆலோசனையின் பாற்பட்டது. பேசப் பேசத் தெளியக்கூடியது. மார்க்கச் சட்ட நூல்கள் ‘ரஃயு’ எனப்படும் கருத்தையும் ‘ஷஹாதத்’ எனப்படும் சாட்சியத்தையும் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பேசுகின்றன. கருத்தில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ளலாம். சாட்சியமோ ஒரு மனிதனின் பொருளையும் மானத்தையும் சில வேளை உயிரையும் தொடுவது. எனவேதான் காழியின் முன் நிற்பவர் தாமே கண்டாரா, தாமே கேட்டாரா என்று வினவப்படுகிறார். அவரது நேர்மையும் ஆராயப்படுகிறது. நமது அன்றாடப் பேச்சிலுள்ள ஆபத்து யாதெனில், ‘என்ன செய்யலாம்’ என்பதில் தொடங்கும் கருத்து, நாம் அறியாமலேயே ‘யார் செய்தான்’ என்னும் சாட்சியமாக மாறிவிடுவதுதான்.

2024 மார்ச் 26-ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். ‘டாலி’ என்னும் சரக்குக் கப்பல், ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுடையது, இலங்கையின் கொழும்புத் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. இரவு ஒன்றரை மணிக்குச் சற்று முன்பாக அதன் மின்சாரம் அற்றுப்போயிற்று. கப்பல் கட்டுக்கடங்காமல் சென்று ‘ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ’ பாலத்தின் தூணில் மோதிற்று. 1977-இல் திறக்கப்பெற்ற அப்பெரும் பாலம் சில நொடிகளில் ஆற்றில் வீழ்ந்தது. அப்போது பாலத்தின்மீது எண்மர் இருந்தனர். சாலையில் விழுந்த குழிகளை இரவோடிரவாக அடைக்கும் பணிக்காக வந்தவர்கள் அவர்கள். இருவரே பிழைத்தனர். இறந்த அறுவரும் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர். கப்பலிலிருந்து அபாய அறிவிப்பு வந்தவுடன் காவலர்கள் பாலத்தின் இருபுறமும் வாகனங்களைத் தடுத்து நிறுத்தினர். அதனால் காக்கப்பட்ட உயிர்கள் எத்தனை என்பதை இறைவனே அறிவான்.

பொழுது விடியுமுன்பே உலகெங்கும் தீர்ப்புகள் எழுதப்பட்டுவிட்டன. பகைவரின் கணினித் தாக்குதல் என்றார் சிலர். எல்லா இனத்தவர்க்கும் பணியில் இடமளிக்கும் கொள்கையே பாலத்தைச் சாய்த்தது என்றார் வேறு சிலர். அம்மாநில ஆளுநர் கறுப்பினத்தவர் என்பதே அவர்களுக்குப் போதிய ஆதாரமாக இருந்தது. கப்பலிலிருந்த மாலுமிகள் 21 பேர். ஒருவர் இலங்கையர், ஏனையோர் இந்தியர். இது தெரிந்ததும் ஏளனம் அவர்கள்மீது திரும்பியது. அவர்களை அரையாடை உடுத்திய மூடர்களாகத் தீட்டிய கேலிச்சித்திரமொன்று நாடு நாடாகச் சுற்றிவந்தது. அவ்வேளையில் அம்மாலுமிகள் இடிந்த பாலத்தின் இரும்பு தம் கப்பலின் முகப்பில் கிடக்க, கரையேறவும் வழியின்றி, மே 20-இல் கப்பல் இழுத்துச் செல்லப்படும் வரை அதிலேயே வாரக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள்.

மெய்க் காரணம் யாது? அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஏறக்குறைய இருபது மாதங்கள் ஆராய்ந்து, 2025 நவம்பரில் தன் முடிவை வெளியிட்டது. கப்பலின் மின்னமைப்பில் ஒரு கம்பி; அதனை இன்னதென்று அடையாளம் காட்ட அதன் நுனியருகே சுற்றப்பட்ட சிறு லேபிள். லேபிள் உரிய இடத்தில் பொருத்தப்படாமையால் கம்பி தன் முனைக்குள் முழுமையாக நுழையவில்லை. அத்தொடர்பு தளர்ந்தது; மின்சாரம் அறுந்தது; சுக்கானும் இயந்திரமும் செயலிழந்தன. கொள்கையுமில்லை, இனமுமில்லை, கணினிப் பகைவனுமில்லை. வாரியத்துக்கு இருபது மாதங்கள் தேவைப்பட்ட விடையை நாம் இரண்டு மணி நேரத்தில் கூறிவிட்டோம்!

செய்தி வந்தால் தீர விசாரித்துக் கொள்ளுமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாகாதிருக்குமாறும் திருமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் பணிக்கிறது. அதே அத்தியாயம், சில எண்ணங்களே பாவமானவை எனினும் பெரும்பாலான எண்ணங்களினின்றும் விலகிக்கொள்ளச் சொல்கிறது. எது அந்தச் ‘சில’ என்று நமக்குத் தெரியாதாகையால், பலவற்றை விட்டால்தான் சிலவற்றுக்குத் தப்பலாம் என விரிவுரையாளர் விளக்குவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் நாவின் தீங்குகள் இருபதை விரித்துரைக்கும்போது, தனக்குச் சம்பந்தமற்றதைப் பேசுவதை முதலாவதாக வைத்தார்கள். அது மட்டுமா? தீய எண்ணத்தை உள்ளத்தால் செய்யும் புறம் என்றும் குறித்தார்கள். வாயே திறவாமல் ஒருவன் புறம் பேசியவனாகலாம் என்றால், பேசியவன் நிலை என்ன?

ஆட்டக் களத்துக் கருத்துகளாவது தீங்கற்றவை என்று கருதுவோர் உளர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 1986-இல் பாஸ்டன் நகர பேஸ்பால் அணி, நாட்டின் இறுதிப் போட்டித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் தோற்றது. பில் பக்னர் என்னும் ஆட்டக்காரரின் கால்களுக்கிடையே பந்து உருண்டு சென்றுவிட்டது. அவர் தவறுமுன்பே எதிரணி புள்ளிகளைச் சமன் செய்துவிட்டிருந்தது. அதன்பின் ஏழாம் ஆட்டமும் எஞ்சியிருந்தது. எனினும் ஒரு நகரமே பல்லாண்டுகள் அம்மனிதரைப் பழித்தது. 2008-இல் அவர் மீண்டும் பாஸ்டன் அணியின் திடலுக்குள் நடந்து வந்தபோது மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். இடைப்பட்ட 22 ஆண்டுகளை அவர்க்கு யார் திருப்பித் தருவார்?

இதனினும் கொடியது 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது ரிச்சர்ட் ஜுவெல் என்னும் காவற்பணியாளர்க்கு நேர்ந்தது. பூங்காவில் கிடந்த வெடிகுண்டுப் பையை முதலில் கண்டு எச்சரித்து, மக்களை அகற்றிய மனிதர் அவர். மூன்று நாட்களுக்குள் செய்தித்தாள்கள் அவரையே ஐயத்துக்குரியவராகக் காட்டின. அவர் குற்றமற்றவரென்று அரசு எழுதிக் கொடுக்க அக்டோபர் வந்தது. மெய்க் குற்றவாளி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2005-இல். ஜுவெல் 2007-இல் இறந்தார்.

அப்படியானால் வாய்மூடி இருப்பதே அறமோ என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். மக்கள் பேசாத நாட்டில் பாலங்கள் இன்னும் விரைவாக இடியும். யூப்ரடீஸ் கரையில் ஒரு கோவேறு கழுதை இடறினாலும், ஏன் வழியைச் செப்பனிடவில்லை என இறைவன் தம்மைக் கேட்பானே என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாகக் கூறுவர். ஆள்வோர்க்கு அவ்வச்சம் இல்லாதபோது குடிகள்தாம் அதனை நினைவூட்ட வேண்டும்.

பால்டிமோர் நிகழ்ச்சியில் நம்மை உறுத்துவது இதுதான். 1980-இல் ஃபுளோரிடாவின் ஸ்கைவே பாலத்தில் கப்பல் மோதி 35 பேர் மாண்டனர். அதன் விளைவாகக் கப்பல் மோதலைத் தாங்குமா எனப் பாலங்களைக் கணக்கிடும் முறையொன்று 1991-இல் வகுக்கப்பட்டது. பழைய பாலங்களுக்கும் அக்கணக்கைச் செய்துபார்க்குமாறு அறிவுறுத்தப்பட்டது. கீ பாலத்துக்கு அது செய்யப்படவே இல்லை. செய்திருந்தால், ஏற்கத்தக்க அளவைவிட ஏறத்தாழ 30 மடங்கு ஆபத்தில் அது நின்றது தெரிந்திருக்கும் என 2025 மார்ச்சில் வாரியம் கூறியது. அதுபோல் ஆராயப்பட வேண்டிய 68 பாலங்களை 19 மாநிலங்களில் அடையாளமும் காட்டியது. முப்பதாண்டுகளுக்கு மேலாக அப்பாலத்தில் சென்றுவந்த எத்தனை இலட்சம் மக்கள் அரசியலையும் ஆட்டத்தையும் பற்றி எவ்வளவு பேசியிருப்பர்! இந்தத் தூணுக்குக் காப்பு உண்டா என்னும் வினாவோ உரியவர் செவியில் உறைக்குமாறு எழவில்லை. அவ்வினாவைக் கேட்க எவர்மீதும் பழி சுமத்தத் தேவையில்லை. சாட்சி நிற்கவும் தேவையில்லை. பேச வேண்டிய இடத்தில் நாம் கேள்வியைத் தொலைத்துவிட்டு, கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

பிறரைக் குறை கூறுவதாக இக்கட்டுரையை நிறுத்திவிட நம் மனம் ஒப்பவில்லை. அந்நிகழ்ச்சி நடந்த நாட்களில், மத்ரஸாவில் அஸருக்குப் பின் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவரொருவர் அச்செய்தியைக் கொணர்ந்தார். அலட்சியத்தின் கேட்டை விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டுக் கிடைத்ததென்று மகிழ்ந்து, “நம் நாட்டு மாலுமிகள் உறங்கியிருப்பார்கள்” என்றோம். மாணவர்கள் சிரித்தார்கள். அதன்பின் நாம் அதனை மறந்தும் போனோம்.

அவதூறினின்றும் மீள்வதற்கு இறைவனிடம் மன்னிப்பு வேண்டுவது மட்டும் போதாது. எவர் முன்னிலையில் சொன்னோமோ அவர் முன்னிலையிலேயே அதனைப் பொய்யென்று திரும்பப் பெறவேண்டும் என்பது நாம் ஆண்டுதோறும் கற்பிக்கும் சட்டம். வாரியத்தின் முடிவைப் படித்தபின் அச்சட்டம் நம்மைத் தேடி வந்தது. அவ்வகுப்பில் இருந்தோரில் பலர் பட்டம் பெற்று வெவ்வேறு ஊர்களுக்கு இமாம்களாகப் போய்விட்டார்கள். எஞ்சியிருந்த நால்வரை அழைத்து, அன்று நாம் சொன்னது ஆதாரமற்றது, அம்மாலுமிகள் உறங்கினார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று கூறினோம். அவர்களுள் ஒருவர் சற்று யோசித்துவிட்டு, “கப்பல் எது என்று நினைவில்லை, ஹஜ்ரத். மாலுமிகள் தூங்கியதாகத் தாங்கள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. போன மாதம் ஊரில் ஜும்ஆவுக்கு முன் பேசியபோது நானும் அதை எடுத்துச் சொன்னேன்” என்றார்.