குருவானவருக்குக் காணிக்கை எதற்கு?



"பூசைக்கு விலை எவ்வளவு சுவாமி?" என்று கேட்கிறவர்கள் நம்மில் உண்டு. விலை கிடையாது. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பானவரும் 2018-ல் இதையே வெளிப்படையாய்ச் சொன்னார்.

அப்படியானால் குருவானவர் எதைச் சாப்பிடுவார்? பீடத்தில் ஊழியஞ் செய்கிறவனுக்குப் பீடத்தில் பங்குண்டென்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 9-ம் அதிகாரத்தில் வாதாடுகிறார். வாதாடிவிட்டு, அவர்களிடம் காசு வாங்காமல் கூடாரம் செய்து பிழைத்தார். சுவிசேஷத்துக்கு இடறல் வரக்கூடாதென்பது காரணம். பிலிப்பியர் அனுப்பியதையோ சந்தோஷமாய் வாங்கிக்கொண்டார்.

"முன்னே வெள்ளைக்காரச் சாமியார்கள் சீமைப்பணத்தில் ஜீவித்தார்களே" என்பாரும் உண்டு. அது பாதி உண்மைதான். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார், உபதேசியார்களின் சம்பளத்துக்காகப் போர்த்துக்கல் இராணியாரிடம் பணம் கேட்டுப் பெற்றார். எந்தப் பணம்? இராணியின் பாதரட்சைக்கென்று பரதவர் வருஷந்தோறும் கட்டிவந்த வரிதான். கடலில் மூச்சடக்கி முத்தெடுத்தவர்களின் காசு!

நாளொன்றுக்கு எத்தனை பூசை செய்தாலும் ஒரு காணிக்கைதான் குருவானவருக்கு. மற்றவை மேற்றிராணியார் குறித்த காரியங்களுக்குப் போகும். கிறிஸ்துமஸ் மட்டும் விலக்கு. பலருக்கு இது தெரியாது.

கோயில் வரி பாக்கியிருந்தால் கலியாண ஓலையை நிறுத்துகிற வழக்கம் சில ஊர்களில் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 848-ம் எண், ஏழ்மையினால் ஒருவனும் தேவதிரவிய அனுமானங்களின் உதவியை இழக்கலாகாது என்கிறது. அதே சட்டத்தின் 222-ம் எண், திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமையென்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். மழை தப்பிய வருஷத்தில் கூலிக்காரர் போடும் பத்து ரூபாய் காணிக்கை. தோப்பும் மோட்டாரும் உடையவர் போடும் அதே பத்து ரூபாய் சில்லறை. நம்மூர்ப் பெருமாள் கோயிலில் தை மாதம் கூடைகூடையாய் வாழைப்பழம் சூறைவிடுகிறவர்கள் ரசீது கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

ஒரே கனவான் முழுச் செலவையும் ஏற்பதும் வேண்டாம். ஒரு வீட்டுச் சோற்றில் ஜீவிக்கிற குரு, அந்த வீட்டுக் குற்றத்தைப் பிரசங்கத்தில் தொடத் தயங்குவார். நூறு வீட்டுப் பிடியரிசிக்கு அந்தப் பயமில்லை.

பாக்கியுள்ளவர்கள் ஓலைக்கும் ஞானஸ்நானத்துக்கும் கூச்சப்படாமல் வாருங்கள். யாரிடமும் சிபாரிசு வேண்டாம். நேரே என்னிடமே வரலாம்.